ஆயுத பூஜை அன்று உடைந்த ஹெட்செட்

போன வருடம் ஆயுத பூஜை அன்று, திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அன்று மதியம் மூன்று மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ. நல்ல நாளில் யார் இன்டர்வியூ வைப்பார்கள் என்று கேட்காதீர்கள். அது சிங்கப்பூர்க் கம்பெனி. ஊருக்கு ஊர் பார்சல் அனுப்புகிறவர்கள். தமிழ் பேசும் வாடிக்கையாளர்களிடம் வீட்டிலிருந்தே போனில் பேச ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். வீடியோவில் பேசிக் காட்டுவதுதான் பாக்கி.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்த்தவள் நான். மகள் பிறந்ததும் விட்டேன். மறுபடி தேடியபோது எல்லா வேலையும் வெளியே போய்ப் பார்க்கிற வேலையாகவே இருந்தது. எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் எப்போது வீட்டுக்கு வருவோம் என்று சாமிக்குத்தான் தெரியும். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அது முடியாது. அதனால் இந்த வேலையைப் பற்றித் தோழி சொன்னதும் பிடித்துக்கொண்டேன். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. ராத்திரி தூக்கத்தில் 'உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது' என்று உளறியதாகக் கணவர் சொன்னார்.

ஒரே ஒரு சிக்கல்தான். என் மாமியாரின் குரல்.

மாமியார் காசிமேட்டில் மீன் விற்கிறவர். நான் பெரம்பூரில் ரயில் சத்தத்திலேயே வளர்ந்தவள், சத்தமெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் வாசலில் பெரிய சண்டை என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தை பால்காரரிடம் சௌக்கியம் விசாரித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய மெதுவான குரல்.

இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்க்கலாமே என்று தோழியோடு சாதாரண இயர்போனில் பேசிப் பார்த்தேன். தெருவில் போகிற லாரி ஹாரன், அதற்கு மேல் அத்தை. தோழி பாதியில் நிறுத்திவிட்டாள். "நீ பார்சல் கம்பெனிக்குப் பேசறியா, மீன் மார்க்கெட்டுக்குப் பேசறியா?" என்று கேட்டுவிட்டு, தன்னுடைய ஹெட்செட்டைக் கொடுத்து அனுப்பினாள். தலையில் மாட்டுவது, வாய்க்கு முன்னால் சின்ன மைக் நீட்டிக்கொண்டிருக்கும். வாய்க்கு நேராக வருவதை மட்டும்தான் அது எடுக்கும், அக்கம்பக்கத்துச் சத்தம் அவ்வளவாகப் போகாது. கம்பெனியும் ஒயர் வைத்த ஹெட்செட்தான் வேண்டும், ப்ளூடூத் கூடாது என்று மெயிலில் போட்டிருந்தார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றும் போட்டிருந்தார்கள்.

மகள் லீவுக்குப் பெரம்பூரில் என் அம்மா வீட்டில் இருந்தாள். அத்தையை மட்டும் மதியம் வண்ணாரப்பேட்டையில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நானும் கணவரும் திட்டம் போட்டோம். அத்தையிடம் நடக்குமா?

"நல்ல நாளும் அதுவுமா வெளக்கேத்தின வூட்ட வுட்டுட்டு நா எங்க போவ? நீ பாட்டுக்குப் பேசு. நா வாயத் தொறந்தா இன்னான்னு கேளு" என்றார்.

அவர் பெற்ற பிள்ளையே அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பூஜையன்று காலையில் அத்தை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாசலில் வரிசையாக வைத்தார். அவருடைய மீன் வெட்டும் அரிவாள்மனை, தராசு, அன்னக்கூடை. மணலியில் ஃபிட்டராக இருக்கும் கணவரின் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர். வீட்டுக் கத்தரிக்கோல், கத்தி எதையும் விடவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உன் ஆயுதம் எங்கமே?"

"எனக்குத்தான் வேலையே இல்லையே, அத்தே."

"மூணு மணிக்குக் கெடைக்கப்போவுது இல்ல? எத மாட்டிகினு பேசப்போற? அத்தக் கொண்டா. சாமி பாத்துட்டுக் குடுத்துரும்."

மறுக்க மனசு வரவில்லை. ஹெட்செட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு காதுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனருக்கும் தராசுக்கும் நடுவில் உட்கார்த்தினார். ஒயர் கொஞ்சம் நீளம். அதன் நுனி தரையில் எங்கே போய்க் கிடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

கற்பூரம் காட்டினோம். பிறகு பக்கத்திலேயே நின்ற கணவரின் பைக். மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கணவர் பெருமையாக உருட்டினார். பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். அதே உற்சாகத்தில் பைக்கைப் பின்னால் இழுத்து நடு ஸ்டாண்டைப் போட்டார். 'கடக்' என்று ஒரு சத்தம். ஸ்டாண்டு சத்தம் என்றுதான் நினைத்தோம்.

நான் ஹெட்செட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் ஒயர் வர மறுத்தது. பைக்கைத் தூக்கிப் பார்த்தால், லேப்டாப்பில் செருகுகிற பின் மடங்கி நசுங்கி, நுனி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" என்று கத்தினேன்.

"எலுமிச்சம்பயத்து மேல" என்றார் பாவமாக. பொய் இல்லை, அங்கேதான் வைத்திருந்தார்.

மாலையும் வாழைக்கன்றுமாக அதே பைக்கில் ஏறிக் கிளம்பினோம். இந்த நாளில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருப் பக்கம் போய்ப் பயனில்லை, எல்லாம் மூடியிருக்கும் என்று கணவர் சொன்னார். அதனால் டி.எச். ரோட்டிலேயே மொபைல் சர்வீஸ் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். இந்த மாதிரி மைக் நீட்டிய புது ஹெட்செட் எங்கேயும் இல்லை. ரோடு முழுக்க உடைந்த பூசணிக்காய். கடைகளில் எல்லாம் நல்ல மனுஷர்கள். எல்லோரும் "வாங்க, உள்ள வாங்க" என்றார்கள். எல்லோரும் பொரி கொடுத்தார்கள். ஆனால் பின்னை மாற்றித் தாருங்கள் என்றதும் எல்லோரும் மேஜையைக் காட்டினார்கள். அங்கே ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஓய்வாகப் படுத்திருந்தது. "நாளைக்குக் காலைல பூஜை பிரிச்சதும் மொதல் வேலை உங்களுதுதான்" என்று ஒருவர் சத்தியமே செய்தார். நாளைக்கு அந்த ஹெட்செட்டை வைத்து நான் என்ன செய்வது? கையில் பொரிப் பொட்டலம்தான் ஏறிக்கொண்டே போனது.

தண்டையார்பேட்டை தாண்டி ஒரு பாய் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பாய் மட்டும் தனியாக உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். பின்னைக் காட்டினேன்.

"மைக் வெச்சதாம்மா, வெறும் பாட்டு கேக்கறதா?" என்று கேட்டார்.

"மைக் வெச்சது, பாய்."

டப்பாவைக் கிளறி, மூன்று கறுப்பு வளையம் போட்ட புதுப் பின் ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு உயிர் வந்தது. "இதைப் பத்த வெச்சுக் குடுத்துடுங்க, பாய். உங்களுக்குப் பூஜை கிடையாதே" என்றேன்.

பாய் சிரித்தார். மூலையில் இருந்த மேஜையைக் காட்டினார். அங்கேயும் விபூதி, அங்கேயும் பூ. அவர் கடையில் ரிப்பேர் பார்க்கிறவர் காலையில் வந்து பூஜை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"கடை என்னுதுதாம்மா. சாமானும் என்னுதுதான். ஆனா இன்னிக்கு அது அவன் சாமி எதுர்க்க கீது. நா தொட்டா அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். மனசு கஷ்டப்படுவான். வேணாம்மா."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? அந்த அவசரத்திலும் அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று பின்னை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாங்கிய பின்னை வைத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. படியிறங்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. பாய் பார்த்திருக்க வேண்டும்.

"இரும்மா, இரும்மா" என்று கூப்பிட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். ஒட்டிய டேப்கூடப் பிரிக்காத புது சால்டரிங் அயர்ன்.

"இது விக்கிற சரக்கு. இன்னும் ஒரு வேலையும் செய்யல. வேலை செஞ்சாத்தானே ஆயுதம்? இத்த யாரும் பூஜைல வெக்கல. எடுத்துகினு போய் நீங்களே வெச்சுக்கங்க."

கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்படி ஒரு சட்டப் பாயின்ட் வக்கீலுக்குக்கூடத் தோன்றியிருக்காது. அதை வாங்கி, கூடவே ஈயக் கம்பியும் பேஸ்டும் வாங்கி, சேர்ந்திருந்த பொரியில் பாதியைப் பாய்க்கே கொடுத்துவிட்டு வண்டியை விரட்டினோம்.

வீட்டில் அத்தை சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அங்கேயே மேடை ஓரத்தில் கடை பரப்பினோம். நான் போனில் வீடியோ போட்டுப் பார்க்க, கணவர் அயர்னைப் பிடிப்பது என்று ஏற்பாடு. ஆனால் ஒயரை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை, பூஜையில் இருந்தது. பின்னை அசையாமல் பிடிக்கப் பிளேயர் இல்லை, அதுவும் பூஜையில். ஹெட்செட்டுக்குச் சாமி விடுதலை கொடுத்துவிட்டது, மற்றதற்குக் கொடுக்கவில்லை என்பது அத்தையின் கணக்கு. நல்ல வேளை, நகவெட்டியை யாரும் ஆயுதமாக மதிக்கவில்லை. அதை வைத்து ஒயரை நறுக்கினோம். ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, அதில் புதுப் பின்னைக் குத்தி நிறுத்தினோம். அசையாமல் நின்றது.

ஒயருக்குள் முடி மாதிரி மெல்லிய செம்பு இழைகள். சிவப்பு ஒரு கொத்து, பச்சை ஒரு கொத்து, நீலம் ஒரு கொத்து, சாயம் எதுவும் இல்லாமல் செம்பு நிறத்திலேயே ஒரு கொத்து. கலர் பூச்சைக் கொளுத்தினால்தான் ஈயம் ஒட்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். அத்தை வாணலியை இறக்கிவிட்டு அடுப்பை எங்களுக்குக் கொடுத்தார். ஆயுத பூஜை அன்றும் ஓய்வு கிடைக்காத ஆயுதம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான், அதற்கும் குங்குமம் வைத்து உடனே வேலையும் வாங்கிவிடுவோம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நெருப்பில் லேசாகக் காட்டி, துடைத்து, ஒவ்வொன்றையும் பின்னில் அதனதன் இடத்தில் வைத்து ஈயம் வைத்தார் கணவர். செம்பு நிறக் கொத்தையும் வைத்தார். சமையலறை முழுக்க வடை வாசனையும் ஈயப் புகையும்.

லேப்டாப்பில் செருகி, ஒரு பாட்டைப் போட்டு, மாட்டிக்கொண்டேன். சத்தம் வந்தது! வயலின் வந்தது, தபேலா வந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அது அத்தைக்கு மிகவும் பிடித்த பழைய பாட்டு. "எங்க குடு" என்று வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"இன்னாமே இது, பாட்டு கீது, பாடறவன காணோம்?"

ஆமாம். வாத்தியம் எல்லாம் தூரத்தில் கேட்டது, பாடுகிறவர் மட்டும் மாயமாகிவிட்டார். கணவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. மைக்கைச் சோதித்துப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் பதிவாகவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு இழையாக மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சிவப்பு உறுதி. பச்சை உறுதி. நீலமும் உறுதி. செம்பு நிறக் கொத்து மட்டும் அப்படியே உருவிக்கொண்டு வந்தது.

"இத கொளுத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"அதுல கலரே இல்லியே. வெறும் செம்புதானே?"

வெறும் செம்பு இல்லை. நெருப்பில் காட்டியதும் சர்ரென்று சுருங்கி நிறம் மாறியது. கண்ணுக்குத் தெரியாத பூச்சு. எல்லாவற்றுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகிற கம்பி அதுதானாம். அது பிடிக்காவிட்டால் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி வருகிற குரல் ஒன்றை ஒன்று அடித்துப்போய்விடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்தத் தடவை ஈயம் சமத்தாக ஒட்டியது. மறுபடி பாட்டைப் போட்டால், பாடுகிறவர் நடு மண்டையில் நின்று பாடினார். மைக்கில் பேசினேன், தெளிவாகப் பதிவானது. மூன்று பேரும் சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டோம்.

ஆட்டம் முடிந்ததும்தான் கணவர் மேடையில் கிடந்த ஒரு சின்னப் பித்தளைக் குழாயைப் பார்த்தார். பின்னுடைய மூடி. ஈயம் வைப்பதற்கு முன்னாலேயே அதை ஒயரில் கோத்திருக்க வேண்டும். வைத்த பிறகு அது எந்தப் பக்கமும் நுழையாது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்ய நேரம் இல்லை. நாலு இழையும் திறந்தபடி, ஒன்றுக்கொன்று மயிரிழை தூரத்தில் நின்றன. கொஞ்சம் அசைந்தாலும் ஒன்று மற்றதைத் தொட்டுக் கரகரவென்றது. டேப் சுற்றிப் பார்த்தோம். சுற்றும் அழுத்தத்திலேயே தொட்டுக்கொண்டது. ஒயர் தானாகத் தொங்கினாலும் தொட்டுக்கொண்டது. யாராவது ஒருவர் அதை ஒரே கோணத்தில் அசையாமல் பிடித்திருந்தால் மட்டும் ஒழுங்காக இருந்தது.

கணவரின் கை முரட்டுக் கை. அவர் பிடித்தால் கரகர. நான் பிடித்தால், பேச ஆரம்பித்ததும் கை அசைந்துவிடும். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒயரைத் துணியோடு சேர்த்துக் கெளுத்தி மீனைப் பிடிக்கிற பக்குவத்தில் பிடித்தார். கரகரப்பு நின்றது.

"நா புடிச்சிக்கறேன். நீ பேசு."

நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவரை வீட்டை விட்டு வெளியே அனுப்பத் திட்டம் போட்டவர்கள் நாங்கள். இப்போது அவர் என் காலடியில், மைக்குக்கு ஒரு முழம் தூரத்தில். வேறு வழி இருந்தால்தானே யோசிப்பதற்கு? கணவர் வாசலில் காவலுக்கு நின்றுகொண்டார். அத்தை மேஜை ஓரமாகக் கேமராவுக்குத் தெரியாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சரியாக மூன்று மணிக்கு லேப்டாப்பில் ஒரு முகம் வந்தது.

பேட்டி எடுத்தவர் ஒரு தமிழ் அம்மா. மெதுவாக, அழகாகப் பேசினார். என்னைப் பற்றிக் கேட்டார், யார்டு வேலையைப் பற்றிக் கேட்டார். ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். நான் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பக்கத்து வீட்டு அக்கா "யக்கோவ், பொரி வாங்கிக்க" என்று கூப்பிட்டது கேட்டது. எந்தக் குரலுக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை அத்தை. எனக்குப் படிக்கிற எழுத்தெல்லாம் ஆடியது. அத்தை அசையவே இல்லை. கணவர் போய் ஏதோ கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார்.

அடுத்தது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்திக் காட்ட வேண்டும். "ஆரம்பிக்கலாமா?" என்றவர் பாதியில் நிறுத்தினார். புருவம் சுருங்கியது. திரையில் என் படத்தைப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், என் கழுத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முழம் மல்லிகைப்பூ முளைத்திருந்தது. கால் மரத்துப்போய் அத்தை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டிருக்கிறார்.

"உங்க ரூம்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லலாம். பூ சொல்லிவிட்ட பிறகு எப்படிச் சொல்வது? முடிந்தது என்றே நினைத்தேன். நினைத்ததும் ஏனோ ஒரு தைரியம் வந்தது.

"இருக்காங்க, மேடம். எங்க மாமியார். காலைல பூஜையில ஹெட்செட் பின் உடைஞ்சிடுச்சு. நாங்களே பத்த வெச்சோம், மூடி போட மறந்துட்டோம். அவங்க அசையாம பிடிச்சிட்டு இருந்தாத்தான் என் குரல் உங்களுக்குக் கேட்கும். வேற எதுக்கும் இல்ல, மேடம்."

அவர் திரைக்குப் பக்கமாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

லேப்டாப்பின் மூடியைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்தேன். திரையில் அத்தை வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், வியர்வை, இரண்டு கையிலும் முந்தானைத் துணியோடு ஒயர். அத்தைக்கும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரையும் போட்டேன்.

"வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார் அந்த அம்மா.

அத்தை வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக மடித்துக்கொண்டு, கையைக்கூடக் கூப்பாமல், தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டினார். அவ்வளவுதான். பால்காரரையே தெருவதிர விசாரிக்கிறவர், வெளிநாட்டிலிருந்து ஒருவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லியும் பேசவில்லை. பேசினால் கை அசையும், கை அசைந்தால் என் குரல் போய்விடும் என்ற பயம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. என் நெஞ்சு பொங்கிவிட்டது.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரி சரி, அவங்களைக் கஷ்டப்படுத்த வேணாம். சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார். பிறகு உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, பார்சல் தொலைந்துபோன வாடிக்கையாளராக என்னைக் கன்னாபின்னாவென்று திட்ட ஆரம்பித்தார். நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. பயம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்தத் திட்டு எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

லேப்டாப்பை மூடியதும் அத்தையால் எழ முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நானும் கணவரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். அவர் கட்டைவிரலில் ஒயரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நான் அந்த விரலைத் தேய்த்துவிட்டேன். எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தைக்கு வந்துவிட்டது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, நாலு தெருவுக்குக் கேட்கும்படி வந்தது.

"என் மருமவளுக்கு சிங்கப்பூர் கம்பெனில வேல கெடச்சிடுச்சி!"

"அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல, அத்தே!"

"சொல்லுவாங்க. அவ்ளோ சோக்கா பேசினியே, அந்தம்மாவுக்கு இன்னா, காது கேக்காதா?"

அடுத்த வாரம் மெயில் வந்தது. கிடைத்துவிட்டது. முதல் வேலையாகப் பாய் கடைக்குப் போய்ச் சொன்னோம். பூஜை போட்டிருந்த அந்த ரிப்பேர்க்காரரே எல்லாவற்றையும் பிரித்து, மூடியை முதலில் கோத்து, ஒழுங்காகப் பற்றவைத்துக் கொடுத்தார். எங்கள் வேலையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இப்போது தினமும் யார் யாரோ கோபமாகப் பேசுகிறார்கள், நான் சமாதானம் சொல்கிறேன். அத்தை இப்போதும் பக்கத்து அறையிலிருந்து ஊருக்கே கேட்கும்படிதான் பேசுகிறார். எனக்கு அது இடைஞ்சலாகத் தெரிவதில்லை, அவரைச் சத்தம் குறைக்கச் சொல்லத் தோன்றுவதும் இல்லை. யாராவது என்னிடம் "நீங்க தனியாவா எல்லாம் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன்: கம்பெனி வேலைக்கு எடுத்தது என் ஒருத்தியைத்தான், ஆனால் அன்று அந்த இன்டர்வியூவில் தேறியது நாங்கள் இரண்டு பேர்.